தாழ்ந்த ஒலி கேட்கும் இடம்

மைக்செட் குழாயில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களின் காதில் இளையராஜாவின் பேஸ் கிட்டார் விழுந்ததே இல்லை. கோயில் கொடைக்கு நட்ட கம்பத்திலும் கல்யாண வீட்டு வேப்பமரக் கிளையிலும் கட்டிய அந்த அலுமினியக் குழாய், பாட்டை அடுத்த ஊர் எல்லைவரை கொண்டுபோனது உண்மைதான். போய்ச் சேர்ந்தது ஜானகியின் குரலும் வயலின்களும் புல்லாங்குழலும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். குழாயோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழ ஊமை. அதே பாடல்களைப் பல ஆண்டு கழித்து நல்ல ஹெட்போனில் கேட்டவர்கள், பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டு ஓடுவதைக் கண்டு திகைத்ததைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கும் அந்தத் திகைப்பு உண்டு.

அறவே கேட்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 41 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கின்றன. அடிச்சுருதி வந்து சேராவிட்டாலும், மேலே இருக்கும் மடங்குகளின் இடைவெளியை வைத்துக் கீழே இன்னதுதான் இருக்கவேண்டும் என்று மூளை ஊகித்துக்கொள்கிறது. உள்ளங்கை அகல டிரான்சிஸ்டர் ரேடியோவில் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்பது இதனால்தான். ஆனால் ஊகம் காதோடு நின்றுவிடும். மார்புக்கூட்டில் வந்து மோதும் அழுத்தத்தை அது தராது. அதற்குக் காற்று அசைந்தே ஆகவேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. தாழ்ந்த ஒலியை விழுங்கிய அதே கொம்பு வடிவம்தான் அதைத் திருப்பிக் கொடுக்கவும் வல்லது. கொம்பின் வாய்ச் சுற்றளவு ஒலியின் அலைநீளத்துக்குச் சமமாகவாவது இருக்கவேண்டும் என்பது பழைய கணக்கு. மைக்செட் குழாயின் வாய் 20 அங்குல விட்டம் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 1.6 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஆக, 215 ஹெர்ட்ஸோடு அதன் எல்லை முடிகிறது. 40 ஹெர்ட்ஸ் வேண்டுமா? அலைநீளம் 8.6 மீட்டர், வாயின் விட்டம் 2.7 மீட்டர், கிட்டத்தட்ட 9 அடி. அதை ஏற்றக் கம்பம் போதாது, தேர்தான் வேண்டும்.

அந்த 9 அடியை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பால் கிளிப்ஷ். அமெரிக்காவின் அர்கான்சாஸ் மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில், இரண்டாம் உலகப்போரின்போது அங்கிருந்த ராணுவச் சோதனைத் தளத்தில் வேலைபார்த்தவர். 1945இல் காப்புரிமை வாங்கினார், 1946இல் தொழில் தொடங்கினார். (பில் கிளிண்டன் பிறந்ததும் அதே ஊரில், அதே ஆண்டில்தான். ஊரை உலகுக்குத் தெரியவைத்தவர் யார் என்பதில் ஒலிக்கிறுக்கர்களின் தீர்ப்பு வேறு.) கிளிப்ஷின் யோசனை எளிது. வெட்டவெளியில் தொங்கும் கொம்பு நாலாபக்கமும் காற்றை அசைக்கவேண்டும். தரையில் வைத்தால் அதில் பாதி. தரையும் சுவரும் சேரும் இடத்தில் கால். இரண்டு சுவரும் தரையும் கூடும் மூலையில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு. 40 ஹெர்ட்ஸுக்கு 5.85 சதுர மீட்டர் வாய் வேண்டிய இடத்தில் 0.73 சதுர மீட்டர் போதும். மீதிக் கொம்பை அறையின் சுவர்களே கட்டிவைத்திருக்கின்றன. அவருடைய கிளிப்ஷ்ஹார்ன் 1946 முதல் இன்றுவரை தயாரிப்பில் இருக்கிறது. அவர் 2002இல், 98 வயதில் காலமானார்.

கொம்பு எதற்கு என்ற கேள்வி இருக்கிறது. ஸ்பீக்கரின் கோனுக்குக் காற்றைப் பிடிக்கத் தெரியாது. தாழ்ந்த சுருதியில் கோன் முன்னும் பின்னும் போகும்போது எதிரே உள்ள காற்று அழுந்துவதில்லை. குளத்து நீரை ஒற்றை விரலால் தள்ளினால் நடப்பதுபோல ஓரமாக நழுவிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயர் 100 வாட் கொடுத்தால் ஒலியாக வெளியே வருவது சுமார் ஒரு வாட், மிச்சமெல்லாம் காயிலில் சூடு. கோனுக்கு முன்னால் அதைவிடக் குறுகலான ஒரு தொண்டையை வைத்துவிட்டால் காற்றுக்கு நழுவ வழியில்லை, அழுந்தித்தான் தீரவேண்டும். அந்த அழுத்தம் தொண்டையைவிட்டு வந்ததும் சிதறாமல் இருக்கப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திக்கொண்டே போகவேண்டும். குறுகிய இடத்தின் பெரிய அழுத்தம் அகன்ற இடத்தின் சிறிய அசைவாக மாறி வெளியேறும். எக்காளம் ஊதுகிறவரின் மூச்சுக்கு நடப்பதும் இதுவே. எவ்வளவு தூரத்தில் எவ்வளவு அகலவேண்டும் என்பதை ஹன்னா, ஸ்லெபியன் என்ற இருவர் 1924இலேயே கணக்குப்போட்டு எழுதிவிட்டார்கள்.

பேசும்படம் வந்த காலத்தில் கொம்பு ஆடம்பரம் அல்ல, அவசியம். வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் தந்தது சில பத்து வாட்டுகள்தான். அதை வைத்துக்கொண்டு ஆயிரம் பேர் உட்காரும் கொட்டகையை நிரப்பவேண்டும். எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர் குழுவினர் மடித்த மரக்கொம்புகளால் ஒரு தியேட்டர் அமைப்பைக் கட்டி, 1936ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருதை வாங்கினார்கள். பிற்பாடு டிரான்சிஸ்டர் வந்தது, வாட் மலிந்தது, இடம் அருகியது. கே.எல்.எச். என்ற ஒலிபெருக்கி நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்தான எச்சுக்கு உரிய ஆண்டன் ஹோஃப்மன் வகுத்த விதியை ஒலிக்காரர்கள் இரும்பு விதி என்பார்கள்: சின்னப் பெட்டி, தாழ்ந்த ஒலி, குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம், மூன்றில் எந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றும் கிடைக்காது. உலகம் முதல் இரண்டை எடுத்துக்கொண்டது. இன்று கடையில் இருக்கும் வீட்டு சப்வூஃபர் பெட்டிகள் பெரும்பாலும் அந்த முடிவின் பிள்ளைகள். கிளிப்ஷ்ஹார்ன் ஒரு வாட்டுக்கு 105 டெசிபெல் தருவதாக அதன் நிறுவனம் சொல்கிறது. அலமாரியில் வைக்கும் சாதாரணப் பெட்டி 87 தரும். வேறுபாடு 18 டெசிபெல்தானே என்று தோன்றும். மின்சக்திக் கணக்கில் அது 63 மடங்கு.

500 வாட் ஆம்ப்ளிஃபயர் பலகையைச் சென்னை ரிச்சி தெருவில் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்ற நிலையில் கொம்பு கட்டுவதற்குச் சிக்கன நியாயம் ஒன்றும் மிச்சமில்லை. நான் ஒன்று கட்டியதற்குக் காரணம் வேறு. அதே சத்தத்துக்குக் கொம்பில் கோன் மிகக் குறைவாகவே அசைகிறது. குறைவாக அசைவது குறைவாகவே பிசகும். தவிலின் தொப்பியில் விழும் குச்சியடி எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்பதைச் சின்னப் பெட்டி குழப்பிவிடும், கொம்பு குழப்புவதில்லை. இதை ருசி என்று சொல்லலாம், பிடிவாதம் என்றும் சொல்லலாம்.

மடிப்புதான் இந்த வேலையின் உயிர். 40 ஹெர்ட்ஸ் கொம்பில் பாதையின் பரப்பு ஒவ்வொரு 47 செ.மீ.க்கும் இரட்டிக்கவேண்டும். பெட்டியின் அகலத்தை 2 அடி என்று நிலையாக வைத்துக்கொண்டால் இடைவெளியை மட்டும் மாற்றினால் போதும்: தொண்டையில் 6 செ.மீ., 47 தள்ளி 12, இன்னொரு 47 தள்ளி 24, பிறகு 48, பிறகு 96. சுமார் 2 மீட்டர் போனதும் வாய் 4 அடிக்கு 2 அடி என்று திறந்துவிடுகிறது. அந்த 2 மீட்டரையும் நேராக நீட்டினால் கூடத்தில் ஆள் நடமாட முடியாது. ஆகவே மடக்கி, திருப்பி, மறுபடி மடக்கிப் பெட்டிக்குள் அடைக்கிறோம். உயர்ந்த சுருதி இதைப் பொறுக்காது; ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் முட்டிச் சிதறும். தாழ்ந்த சுருதிக்குத் திருப்பம் இருப்பதே தெரியாது. 100 ஹெர்ட்ஸின் அலை மூன்றே கால் மீட்டருக்கு மேல் நீளம். அரையடிச் சந்தில் ஒரு வளைவு அதற்கு ஒரு பொருட்டில்லை.

கணக்குப்போட இப்போது கஷ்டமில்லை. இந்தத் துறை ஆஸ்திரேலியாவுக்குப் பட்ட கடனைத் தனியாகவே எழுதலாம். ஸ்பீக்கரின் குணத்தைச் சில எண்களாக்கி எந்தப் பெட்டியில் எப்படி ஒலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையை நெவில் தீல் 1961இல் அங்கேதான் எழுதினார், ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் சிட்னியில் இருந்துதான் அதை விரித்தார். கொம்புக் கணக்குக்கு உலகமெங்கும் வீட்டில் கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் ஹார்ன்ரெஸ்ப் என்ற இலவச மென்பொருளை எழுதிய டேவிட் மெக்பீனும் அந்நாட்டுக்காரர்தான். கடையில் வாங்கும் ஸ்பீக்கருக்கு அந்த எண்கள் அச்சிட்டு வராவிட்டாலும், மல்டிமீட்டரும் கோனில் ஒட்ட எடை தெரிந்த நாலு நாணயங்களும் இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம்.

பிளைவுட் விஷயத்தில்தான் கண் வேண்டும். எட்டுக்கு நாலு ஷீட், 18 எம்.எம். கனம். ஐ.எஸ். 303 என்று முத்திரை இருந்தால் சாதாரண வகை, 710 என்றால் மெரைன். யமுனாநகர் சரக்கா பெரும்பாவூர்ச் சரக்கா என்பதைக் கடைக்காரர் விலையோடு சேர்த்தே சொல்லிவிடுவார். கேட்டுப் பயனில்லாத கேள்வி உள்ளே இடுக்கு இருக்கிறதா என்பது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் மென்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியதுதான் பிளைவுட். நடுத்தகடு ஒன்று குட்டையாகிப்போனால் அந்த இடம் வெற்றிடமாகவே இருந்துவிடும். பீரோ செய்தால் ஆயுள் முழுக்கத் தெரியாது. கொம்பில் முதல் பாட்டிலேயே ஈ பறப்பதுபோல ரீங்கரிக்கும். நான் அழைத்துப்போன தச்சர், பாளையங்கோட்டைக்காரர், ஷீட்டைச் சுவரில் சாய்த்து நடுவிரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்று மறுபடி தட்டினார். "இங்கன காலி சார். இது வேண்டாம்" என்றார். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்.

கொம்பின் வரைபடத்தைப் பார்த்ததும் தச்சர் அண்ணாச்சிக்குச் சந்தேகம். "ஸ்பீக்கர உள்ள வச்சு அடைச்சிட்டா சத்தம் எப்படி சார் வெளிய வரும்?" நான் சொன்ன விளக்கத்தை அவர் நம்பவில்லை, ஆனால் வேலையை மறுக்கவில்லை. பக்கப் பலகை ஒன்றைத் தரையில் கிடத்தி, பாதையை அதன்மேல் பென்சிலால் முழுக்க வரைந்து, ஒவ்வொரு சுவரையும் கோட்டின்மேல் நிறுத்தி ஃபெவிகாலும் திருகாணியும் போட்டு நிமிர்த்துவதுதான் முறை. சாய்வுச் சுவர்களின் ஓரங்களை இழைப்புளியால் கோணம் பார்த்துச் சீவவேண்டும். எல்லாச் சுவரும் எழுந்தபின் மறுபக்கப் பலகையை மூடிபோல மேலே இறக்கவேண்டும். இறக்கிவிட்டால் உள்ளே செய்த வேலையை மனிதக் கண் மறுபடி பார்க்கப்போவதில்லை. ஸ்பீக்கரைக் கழற்ற மட்டும் ஒரு கதவு வைத்துக்கொள்ளலாம்.

தச்சர்களுடைய நேர்த்தி பெரும்பாலும் வெளியே தெரிகிற இடத்தில் குடிகொண்டிருப்பது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் மயிரிழை பிசகக்கூடாது, மைக்கா ஒட்டிய விளிம்பில் கை வழுக்கவேண்டும். கொம்பு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. உள்சுவர் ஒன்று 5 மில்லிமீட்டர் தள்ளி நின்றால் 40 ஹெர்ட்ஸுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள மூடிய அறைக்கும் கொம்புப் பாதைக்கும் நடுவே 1 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் போச்சு. இரண்டு பக்கமும் எதிரெதிர் அழுத்தம். அந்த இடுக்கில் காற்று சீறும். ஆகவே மூடிய இடத்தில், எவரும் பார்க்காத மூட்டில், வெளியில் காட்டுவதைவிட அதிக அக்கறை காட்டவேண்டியிருக்கிறது. அண்ணாச்சி இதை எந்தக் கணக்கும் இல்லாமல் பிடித்துக்கொண்டார். ரம்பத்தின் அடியில் குவிந்திருந்த மரத்தூளை ஒரு சிரட்டையில் அள்ளி, ஃபெவிகாலை ஊற்றிக் குச்சியால் குழைத்து, ஒவ்வொரு உள்மூலையிலும் சுட்டுவிரலால் இழுத்துவிட்டுக்கொண்டே போனார். விரல் போன தடம் கன்றிய வெல்லப்பாகு நிறத்தில் காய்ந்து நின்றது. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். பலகையைவிடக் கெட்டியாக இருந்தது.

மூடியபின் சோதிக்கும் முறை எளிதானது. செல்போனில் 30, 40 ஹெர்ட்ஸ் என்று ஒற்றைச் சுருதியை ஓடவிட்டு, மூட்டுகளின் ஓரமாக எரியும் ஊதுபத்தியை மெதுவாக நகர்த்தவேண்டும். அடைபட்ட இடத்தில் புகை நேராக ஏறும். ஒழுகும் இடத்தில் வெடுக்வெடுக்கென்று நடுங்கும். அந்தச் சோதனையின்போது பெட்டியைவிட வீடு அதிகம் பேசுகிறது. ஜன்னல் கம்பி, எவர்சில்வர் தட்டு அடுக்கு, பீரோக் கைப்பிடி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருதி உண்டென்று தெரியவரும்.

கிளிப்ஷ் கேட்டது உறுதியான மூலை. மரச்சட்டத்தில் அட்டைப்பலகை அடித்த அமெரிக்க வீட்டுச் சுவர் தாழ்ந்த ஒலிக்கு நெளிந்துகொடுக்கும். நம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நெளியாது. இந்த வகையில் நம்முடைய வீடுகள் கொம்புக்கென்றே கட்டியவை என்று பெருமைப்படலாம். ஆனால் அளவு கெடுத்துவிடுகிறது. பத்துக்குப் பத்து அறை, கூரை உயரமும் பத்து. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நின்று அதிரும் ஒலியலை அந்த இடைவெளிக்கு 56 ஹெர்ட்ஸில் விழுகிறது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரே எண். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். மூலையில் நின்றால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் காதை அடைக்கும், அறையின் நடுவில் உட்கார்ந்தால் அதே ஸ்வரம் காணாமல்போகும். ஒலியியலுக்கு இதைவிட மோசமான அறையை வேண்டுமென்றே வரைய முடியாது. தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் அறைகள் இந்தக் கனசதுரத்தில் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

வெளியிடத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டன் தெருக்களில் 1950களில் உருவான சவுண்ட் சிஸ்டம் மரபு பிளைவுட் பெட்டிகளின் மரபு. அங்கிருந்து பிரிட்டனுக்குப் பிழைக்கப்போனவர்கள் அதையும் எடுத்துப்போய் நாட்டிங் ஹில் திருவிழாத் தெருவில் அடுக்கினார்கள். ரெகே இசையில் பேஸ் முன்னால் நிற்பதற்கும் அந்தப் பெட்டிகளுக்கும் உள்ள உறவு தற்செயலானதல்ல. நம் ஊர்களில் இப்போது லாரியில் ஏறிவரும் டி.ஜே. பெட்டிகளும் ஒருவகையில் பங்காளிகள்தான். இங்கே ஒரு முரண் இருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்கும் கோயில் விழாவுக்கும் காவல்துறை விதிக்கும் நிபந்தனைகளில் கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கும். இப்போது கூம்பு பெட்டிக்குள் மடிந்து உட்கார்ந்திருக்கிறது.

சத்தத்தை அளக்கும் முறையிலும் ஓட்டை உண்டு. ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் பொதுவாக ஒலிபெருக்கியே கூடாது. அந்த டெசிபெல் மனிதக் காதின் போக்குக்கு ஏற்ப எடைபோட்ட அளவு. 40 ஹெர்ட்ஸில் அந்த எடை 34 டெசிபெலுக்கு மேல் கழித்துவிடும். மீட்டர் நல்ல பிள்ளையாக எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கட்டில் அதிரும். உயர்ந்த சுருதியைக் கதவைச் சாத்தித் தடுக்கலாம். தாழ்ந்த சுருதியைத் தடுக்கச் சுவரின் கனம் போதாது. எங்கள் தெருவில் ஒரு திருமண மண்டபம் எனக்கு இதைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறது. ஆகவே சொந்தக் கொம்பின் திருகைத் திருப்பும்போது மண்டபத்துக்காரரைத் திட்டிய வாய்க்குக் கொஞ்சம் கணக்கு இருக்கவேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட நேரம், மாலை 5 முதல் 7 வரை.

கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இருப்பது பத்துக்குப் பத்து அறை, சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு குடும்பம் என்றால் வேண்டாம். 50, 60 லிட்டரில் 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட மூடிய பெட்டி ஒன்று செய்துகொள்ளுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. தனி வீடும் நீண்ட கூடமும் காலியான ஒரு மூலையும் இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள். பிளைவுட் கடைக்குப் போவதற்கு முன் வாசற்கதவையும், மாடியென்றால் படிக்கட்டு திரும்பும் இடத்தையும் அளந்துவிடுங்கள். 18 எம்.எம். ஷீட் ஒன்றே சுமார் 35 கிலோ. 4 அடி உயரம், 3 அடி ஆழத்தில் முடிந்த பெட்டியைத் தூக்க நாலு ஆள் வேண்டும்.